மூணு வாரமா பிபி மாத்திரைய நிறுத்திட்டாரு, ஆயுர்வேதத்துல வேரோட போக மருந்து இருக்கா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு 49 வயசு, டிரான்ஸ்போர்ட் கம்பெனியில கணக்கு எழுதுறாரு. ஏழு மாசம் முன்னாடி பிபி 162/100ன்னு வந்துச்சு, வேற வேற நாள்ல மூணு தடவை பார்த்தும் கிட்டத்தட்ட அதே தான். டாக்டர் டெல்மிசார்ட்டான் 40 எழுதிக் குடுத்தாரு, அதுல 134/84க்கு இறங்குச்சு. இங்கிலீஷ் மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது, கிட்னி போயிடும்னு எங்க மாமா சொன்னாங்க, அதுல இருந்து மூணு வாரமா நிறுத்திட்டாரு. 90 நாள்ல பிபி வேரோட போயிடும்னு விளம்பரம் பார்த்து ஆன்லைன்ல ஒரு கேப்சூல் வாங்கி வச்சிருக்காரு, சர்ப்பகந்தா சேர்ந்ததாம், இன்னும் ஆரம்பிக்கல. வறட்டு இருமலுக்கு அதிமதுரம் மென்னுக்கிட்டே இருப்பாரு, சாப்பிட்டதும் கேஸுக்கு லவண பாஸ்கர சூரணம், சமையலுக்கு இந்துப்பு மாத்திட்டோம். வெயிட் 86, உயரம் அஞ்சடி அஞ்சு அங்குலம், குறட்டை பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும். வேலை முடிஞ்சு வந்து சாப்பிட ராத்திரி பத்தரை ஆயிடும். ஆனா எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, நல்லா தான் இருக்கேன்னு சொல்றாரு. மாத்திரைக்குப் பதிலா எந்த ஆயுர்வேத மருந்து குடுக்கலாம், இது நிரந்தரமா குணமாகுமா?

பதில்:

சகோதரி, மருந்து பேரெல்லாம் அப்புறம் சொல்றேன், முதல்ல இன்னைக்கு செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அவரைக் கூட்டிட்டுப் போய் பிபி பார்த்துடுங்க, அந்த மாத்திரை எழுதின டாக்டர்கிட்டயே போங்க, மூணு வாரமா சாப்பிடலன்னு மறைக்காம சொல்லிடுங்க, அவரு திட்டினாலும் பரவாயில்ல, திரும்ப ஆரம்பிக்கச் சொன்னா அன்னைக்கே ஆரம்பிச்சுடணும். அந்தக் கேப்சூலைத் தொட வேண்டாம். நான் பி.ஏ.எம்.எஸ் படிச்சு 22 வருஷமா ஆயுர்வேதம் மட்டும் தான் பார்க்கறேன், அதனால இத இங்கிலீஷ் டாக்டர் பக்கம் நின்னு சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. ஆயுர்வேதத்து மேல இருக்கற அக்கறையில தான் சொல்றேன்.

"ஒரு தொந்தரவும் இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு பயமா இருக்கறது அந்த ஒரு வரி தான். கொஞ்ச நாள் முன்னாடி மூட்டு வலிக்குத் தைலம் கேட்டு ஒரு அம்மா வந்தாங்க, பூ கட்டுறவங்க, 54 வயசு இருக்கும். நான் யாரு வந்தாலும் முதல்ல பிபி பார்த்துடுவேன், அவங்களுக்குப் பார்த்தா 204/112. எனக்கே நம்பிக்கை வரல, அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு இன்னொரு கையில பார்த்தேன், 198/110. "என்னம்மா, தலை சுத்தல் ஏதும் இல்லையா"ன்னு கேட்டா, "நல்லா தானே இருக்கேன், பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து தான் வந்தேன்"ங்கறாங்க. தைலம் குடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரத்தக் குழாய்க்குள்ள அழுத்தம் ஏறுறது உடம்புக்கு வலிக்காது, வருஷக்கணக்கா சத்தமில்லாம இதயத்துச் சுவரைத் தடிக்க வைக்கும், கிட்னி வடிகட்டியக் கெடுக்கும், கண் நரம்பு, மூளைன்னு போகும். தலைவலி, படபடப்பு வந்தா தான் பிபின்னு நிறைய பேரு நினைக்கறாங்க, அது சரியில்ல. இருக்கா இல்லையான்னு மெஷின் தான் சொல்லணும்.

கிட்னி விஷயத்துக்கு வர்றேன், உங்க மாமா சொன்னது நல்லெண்ணத்துல சொன்னது தான், ஆனா தலைகீழா இருக்கு. கிட்னியக் கெடுக்கறதுல சர்க்கரை நோய்க்கு அடுத்தபடியா நிக்கறதே கட்டுப்படாத பிபி தான். டெல்மிசார்ட்டான் மாதிரி மாத்திரைகள சர்க்கரையால யூரின்ல புரதம் போறவங்களுக்குக் கிட்னியக் காப்பாத்தவே எழுதறாங்க. ஆரம்பிச்சதும் கிரியேட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற இரத்த அளவு, லேசா ஏறலாம், பொட்டாசியம் ஏறலாம், அதுக்காகத் தான் ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துல ஒரு இரத்த டெஸ்ட் எடுத்துப் பார்ப்பாங்க. அது எடுத்தீங்களான்னு கடிதத்துல இல்ல, எடுக்கலன்னா கிரியேட்டினின், பொட்டாசியம், யூரின்ல ஆல்புமின்ங்கற புரதம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஒரு ஈசிஜி, இவ்வளவும் ஒரு தடவை பார்த்துடுங்க. நான் ஆயுர்வேத மருந்து குடுக்கறதுக்கும் எனக்கு இந்த ரிப்போர்ட் வேணும்.

இனி ஆயுர்வேதம். பிபிங்கற பேருல ஒரு நோய் நம்ம பழைய சம்ஹிதைகள்ல, அதாவது ஆயுர்வேத மூல நூல்கள்ல கிடையாது. இப்ப உச்ச ரக்த சாபம், ரக்தகத வாதம்னு ஆளாளுக்கு ஒரு பேரு சொல்றாங்க, இதெல்லாம் இந்தக் காலத்துல நாங்க பொருத்திப் பார்த்து வச்ச பேரு. இல்லாததுக்குக் காரணம் ரொம்ப சாதாரணம், அளக்க வழி இல்ல. கையில பட்டை கட்டி அளக்குற முறைய இத்தாலி டாக்டர் ரிவா ரோச்சி 1896ல கொண்டு வந்தாரு, ஸ்டெதாஸ்கோப் வச்சு மேல் அளவு கீழ் அளவு ரெண்டையும் கேக்குற முறைய ரஷ்யாவுல கொரோட்காஃப் 1905ல சொன்னாரு. அதனால நாடி பிடிச்சே உங்க பிபி 150/95ன்னு ஒருத்தர் நம்பர் சொன்னா நம்பாதீங்க, நாடியில தெரியற விஷயம் நிறைய இருக்கு, ஆனா அந்த நம்பர் நாடியில தெரியாது.

ஆனா இரத்தம் உடம்பு பூரா ஓடற விஷயத்தப் பத்தி நம்மாளுங்களுக்குத் தெளிவா ஒரு பார்வை இருந்துச்சு. சரக சம்ஹிதை சிகித்சா ஸ்தானம் 15ல ஒரு இடம் வரும், வியான வாயு, அதாவது உடம்புல ஓட்டத்த நடத்தற வாதம், ரச தாதுவ, அதாவது சாப்பாட்டுல இருந்து வர்ற சத்து நீர, ஒரே நேரத்துல எல்லாப் பக்கமும் நிக்காம எப்பவும் உடம்பு பூரா வீசி அனுப்பிக்கிட்டே இருக்குன்னு. படிக்கற காலத்துல இத முதல் தடவை படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, இன்னைக்கும் அந்த வரி பிடிக்கும். வீசி அனுப்புற வேகம் கூடறதும், போற வழி குறுகறதும், இரத்தமும் மேதஸும், அதாவது கொழுப்பும், பெருத்துப் போறதும், இதுல எது உங்க வீட்டுக்காரருக்கு முன்னால நிக்குதுன்னு பார்த்துத் தான் நாங்க வைத்தியம் பண்ணுவோம். ஒல்லியா, தூக்கமில்லாம, கவலைப்பட்டுக்கிட்டே, காலையில 130 சாயந்தரம் 160ன்னு ஆடுறவங்களுக்கு வாதம் முன்னால நிக்கும். முகம் செவந்து, எரிச்சல், சட்டுன்னு கோபம், தலை உச்சியில சூடுன்னா பித்தம். தொந்தி, குறட்டை, பகல்ல தூக்கம், காலை எந்திரிச்சதும் உடம்பு கனம், இது கபமும் மேதஸும் வழிய அடைச்சிருக்கற ஆளு. நீங்க எழுதினத வச்சுப் பார்த்தா உங்க வீட்டுக்காரர் மூணாவது வகை, நேர்ல பார்த்தா தான் உறுதியா சொல்ல முடியும். இதனால தான் எந்த மருந்து குடுக்கலாம்னு பேரு மட்டும் கேட்டா எனக்குக் கை ஓட மாட்டேங்குது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கிட்டது இவருக்கு ஆகாது.

சர்ப்பகந்தாவப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இது லேசுப்பட்ட மூலிகை இல்ல, பிபிக்கு நிஜமாவே வேலை செய்யும். நம்ம நாட்டுல பாம்புக்கடிக்கும், மனநிலை பிசகினவங்களுக்கும், தூக்கத்துக்கும் ரொம்ப காலமா குடுத்துட்டு வந்த வேர் அது. 1931ல கல்கத்தாவுல கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இது பித்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கேக்குதுன்னு கட்டுரை எழுதினாங்க. 1949ல பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்ல 50 நோயாளிங்களுக்குக் குடுத்துப் பார்த்த விவரத்தை வெளியிட்டாரு, அப்புறம் தான் உலகமே திரும்பிப் பார்த்துச்சு. 1952ல ஸ்விட்சர்லாந்து சீபா கம்பெனி ஆளுங்க அந்த வேர்ல இருந்து ரிசர்பின்ங்கற பொருளைப் பிரிச்சு எடுத்தாங்க, அதுக்கப்புறம் கொஞ்ச காலம் அமெரிக்காவுல கூட பிபிக்கு முக்கியமான மாத்திரைகள்ல அதுவும் ஒண்ணு. அப்ப இங்கிலீஷ் மருந்து ஆயுர்வேத மருந்துன்னு நடுவுல கோடு போட்டுப் பிரிக்கறது இந்த வேர் விஷயத்துல எப்படிப் பொருந்தும் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் அது தானே இருக்கு.

சரி, இவ்வளவு நல்ல மருந்துன்னா ஏன் குறைச்சுட்டாங்க? நரம்பு முனையில சேர்த்து வச்சிருக்கற நார்அட்ரினலின், செரட்டோனின் மாதிரி பொருளையெல்லாம் அது காலி பண்ணிடும், அதனால தான் அழுத்தம் இறங்குது, அதே காரணத்தால சிலருக்கு மனசு இருண்டு போயிடும், காரணமில்லாத அழுகை, எதுலயும் பிடிப்பில்லாத நிலைன்னு மனச்சோர்வு வரும். மூக்கடைப்பு, தூக்கக் கலக்கம், நாடித் துடிப்பு குறையறது, வயித்துப் புண் கிளம்பறது இதுவும் உண்டு. இன்னொண்ணு, இது மெதுவா ஏறி மெதுவா இறங்கற மருந்து, முழு வேகம் தெரியவே ரெண்டு மூணு வாரம் ஆகும், நிறுத்தின பிறகும் ரொம்ப நாள் உடம்புல வேலை செய்யும். மூணு நாள்ல ஒண்ணும் குறையலயேன்னு ரெண்டு கேப்சூலா போட்டுக்கிட்டு, மூணாவது வாரம் எந்திரிக்க முடியாம வந்தவங்கள நான் பார்த்திருக்கேன். நானும் சர்ப்பகந்தா குடுக்கறேன், ஆனா அளவா, வாராவாரம் பிபியும் நாடியும் பார்த்துக்கிட்டு, வீட்டுல யாருக்காவது மனச்சோர்வு வந்த வரலாறு உண்டான்னு கேட்டுட்டு தான். வயித்துப்புண் இருக்கறவங்களுக்கு, துடிப்பைக் குறைக்கற மெட்டோபுரோலால், அட்டினோலால் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, கர்ப்பமா இருக்கறவங்களுக்குக் குடுக்கவே மாட்டேன். ஆன்லைன்ல வாங்கின டப்பா இதுல எதையும் உங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்கல இல்லையா.

அடுத்தது அதிமதுரம். உங்க கடிதத்துல நான் பேனாவால வட்டம் போட்ட இடம் இது. தொண்டைக்கு அருமையான மருந்து, எனக்கும் பிடிச்ச மருந்து, ஆனா பிபி இருக்கறவங்க தினமும் மெல்லக் கூடாது. அதுல கிளைசிரைசின்னு ஒரு இனிப்புப் பொருள் இருக்கு, கிட்னியில ஒரு நொதியோட வேலைய அது தடுத்துடும், அதனால உடம்பு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கிட்டு பொட்டாசியத்த வெளிய தள்ளும். பிபி ஏறும், கால் அசதியாகும், பொட்டாசியம் ரொம்ப இறங்கினா இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஒரு டீச்சரம்மா, ரெண்டு மாத்திரை சாப்பிட்டும் 160க்குக் கீழ வரல, என்னமோ மந்திரம் வச்ச மாதிரி நிக்குதுன்னு சொன்னாங்க. ஹேண்ட்பேக்கைத் திறந்து தண்ணி பாட்டில் எடுத்தாங்க, அதோட ஒரு சின்ன டப்பாவும் வந்துச்சு, உள்ள அதிமதுரக் குச்சி. கத்திக் கத்திப் பாடம் எடுக்கறதால வருஷக்கணக்கா மெல்றாங்களாம். பொட்டாசியம் பார்த்தா 2.9. நான் மருந்து ஒண்ணும் குடுக்கல, அத நிறுத்தச் சொன்னேன், பொட்டாசியத்துக்கு அவங்க டாக்டர்கிட்ட அனுப்பினேன், ஒரு மாசம் கழிச்சு அதே ரெண்டு மாத்திரையில 138/86. மூலிகைன்னா பின்விளைவு இல்லன்னு சொல்றவங்களுக்கு நான் எப்பவும் இத தான் சொல்லுவேன், விளைவு இருக்கற எல்லாத்துக்கும் பின்விளைவும் இருக்கும்.

அவரோட வறட்டு இருமலும் எனக்கு சந்தேகமா இருக்கு. ராத்திரி பத்தரைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு உடனே படுத்தா அமிலம் மேல ஏறித் தொண்டையில இருமல் கிளப்பும், கேஸும் அதனாலயே. அப்போ இருமலுக்கு அதிமதுரம், கேஸுக்கு லவண பாஸ்கரம், ரெண்டுமே பிபிய ஏத்துற பக்கம் தள்ளுது, ரெண்டுக்கும் காரணம் அந்தப் பத்தரை மணிச் சாப்பாடு. இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குன்னா நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, அது தனி விஷயம், விட்டுடாதீங்க.

லவண பாஸ்கர சூரணம்னா பேருலயே லவணம் இருக்கு. கடலுப்பு, இந்துப்பு, இன்னும் ரெண்டு உப்புன்னு சேர்த்து இடிக்கற சூரணம் அது, பசி மந்தத்துக்குக் கொஞ்ச நாள் குடுக்கறது. பிபிக்காரர் தினமும் ஒரு ஸ்பூன் போட்டுக்கிட்டா கூடுதலா உப்பு சாப்பிட்டதா தான் அர்த்தம். இன்னைக்கே நிறுத்துங்க, சீரகம் வறுத்துப் பொடி பண்ணி உப்பில்லாத மோர்ல கலந்து குடுங்க, போதும். சோடாப்பொடி பொங்கற ஜீரண மருந்து எல்லாத்துலயும் சோடியம் இருக்கு, அதுவும் வேண்டாம்.

இந்துப்பு மாத்திட்டோம்னு நிம்மதியா எழுதியிருக்கீங்க, உங்க மனசு கஷ்டப்படும்னு தெரிஞ்சும் சொல்றேன், பிபிக்கு இதுல பெரிய லாபம் ஒண்ணும் இல்ல. எங்க சாஸ்திரத்துல உப்புலயே சைந்தவம், அதாவது இந்துப்பு தான் மேல்னு சொல்லியிருக்கு, அது மத்த உப்போட ஒப்பிட்டுச் சொன்னது. அதுவும் கிட்டத்தட்ட முழுசா சோடியம் குளோரைடு தான், அயோடின் கூட சேர்க்காதது. இந்துப்பு தானேன்னு கை தாராளமா போட்டுடறது தான் பல வீட்டுல நடக்குது. அதே நேரம் கடையில விக்கற லோ சோடியம் உப்புக்கும் ஓடிடாதீங்க, அதுல பொட்டாசியம் உப்பு கலந்திருக்கும், டெல்மிசார்ட்டான் சாப்பிடறவங்களுக்கு, கிட்னி பழுதானவங்களுக்கு பொட்டாசியம் ஏறி ஆபத்தாகலாம், டாக்டர்கிட்ட கேக்காம வாங்கக் கூடாது.

உப்பைப் பத்தி சரகர் சொன்னதப் படிச்சா இப்ப எழுதின மாதிரியே இருக்கும். விமான ஸ்தானம் முதல் அத்தியாயத்துல, அதிகமா பயன்படுத்தவே கூடாத மூணு பொருள்னு சொல்றாரு, திப்பிலி, க்ஷாரம் (செடிய எரிச்ச சாம்பல்ல இருந்து எடுக்கற காரம்), உப்பு. உப்பு அளவுக்கு மீறினா உடம்பு சோர்ந்து தளர்ந்து பலம் போயிடும்னு சொல்லிட்டு, பாஹ்லீகம், சௌராஷ்டிரம், சிந்து, சௌவீரம்னு மேற்கு, வடமேற்குப் பக்கத்து நாட்டு ஆளுங்கள உதாரணம் காட்டறாரு, அவங்க பாலுக்குக் கூட உப்புப் போட்டுச் சாப்பிடறவங்கன்னு. உலக சுகாதார நிறுவனம் இன்னைக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு சொல்லுது, தலை தட்டின ஒரு டீஸ்பூன். உங்க வீட்டுக் கணக்கு பார்க்க ஒரு சுலப வழி சொல்றேன், எத்தனை பேரு, மாசத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு வாங்கறீங்கன்னு பாருங்க. நாலு பேருக்கு ஒரு கிலோ ஒரு மாசத்துல தீருதுன்னா ஆளுக்கு 8 கிராமுக்கு மேல போகுது, அப்பளம், ஊறுகாய், கருவாடு, பேக்கரி மிக்சர், ஹோட்டல் சாம்பார் இதெல்லாம் இந்தக் கணக்குல இல்லவே இல்ல. ஒரே நாள்ல குறைச்சா வீட்டுல சண்டை தான் வரும், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, புளிப்பும் மிளகும் எலுமிச்சையும் கொஞ்சம் தூக்கலா வச்சுக்கிட்டு வந்தா ரெண்டு மாசத்துல நாக்கு பழகிடும், அப்புறம் பழைய உப்பு கரிக்கும். சாப்பாட்டு மேஜையில உப்பு ஜாடி இருக்கக் கூடாது, ஊறுகாய் வாரம் ஒரு நாள்.

வேரோட போகுமான்னு கேட்டீங்க இல்லையா, ஆயுர்வேதத்துல வேர்னா இது தாங்க. சுச்ருத சம்ஹிதை எழுதின சுச்ருதர் ஒரே வரியில சொல்லிட்டாரு, சுருக்கமா சொன்னா வைத்தியம்னா நிதான பரிவர்ஜனம், அதாவது நோய் எதனால வந்துச்சோ அத விலக்கறது. கேப்சூல்ல வேர் இருக்காது, அவரு நாளை எப்படிக் கழிக்கறாருங்கறதுல இருக்கு. அதுல நான் முதல்ல பிடிக்கறது குறட்டைய. நடுவுல மூச்சு நின்னு, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம, அப்புறம் திடுக்குன்னு இழுத்து மூச்சு விடறாரா, பகல்ல கணக்கு எழுதறப்ப கண்ணு சொக்குதா, ரெண்டு ராத்திரி முழிச்சிருந்து கவனிங்க. அப்படி இருந்தா தூக்கத்துல மூச்சடைப்பு நோய், அதுக்குத் தூக்கப் பரிசோதனை இருக்கு, பிபி மாத்திரைக்குக் கட்டுப்படாம நிக்கறதுக்கு இது பெரிய காரணம். எங்க கஷாயத்தால அத சரி பண்ண முடியும்னு நான் சொல்ல மாட்டேன். அப்புறம் வெயிட். அவரு உயரத்துக்கு 86 அதிகம், ஒரு கிலோ குறைஞ்சா மேல் அளவு ஏறக்குறைய 1 புள்ளி இறங்கும்னு கணக்கு, பத்து கிலோன்னா ஒரு மாத்திரை அளவுக்கு வரும். ராத்திரிச் சாப்பாட்ட ஆபீஸ்லயே ஏழரை எட்டுக்குள்ள டிபன் பாக்ஸ்ல முடிச்சுட்டு வரச் சொல்லுங்க, வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் போதும். பார்லி, கொள்ளு, சுரைக்காய், புடலங்காய், வாழைத்தண்டு இதெல்லாம் கப மேதஸைக் குறைக்கறது. பகல் தூக்கம் வேண்டாம். தினமும் அரை மணி நேரம் நெத்தி வேர்க்கற வேகத்துல நடக்கணும். குடி, சிகரெட் இருக்கான்னு நீங்க எழுதல, இருந்தா அத விடாம மத்ததப் பேசறதுல பிரயோஜனமில்ல.

படுத்துக்கிட்டே பண்ற ஒண்ணும் இருக்கு, சவாசனம். 1969ல பம்பாய் இதய டாக்டர் டேட்டேயும் கூட இருந்தவங்களும் பிபி இருக்கற 47 பேருக்கு இத சொல்லிக் குடுத்துப் பார்த்து கட்டுரையே எழுதியிருக்காங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் 20 நிமிஷம், போனை இன்னொரு ரூம்ல வச்சுட்டு, மூச்சு உள்ள போறத வெளிய வர்றத மட்டும் கவனிச்சுக்கிட்டு. மூச்சை அடக்கற கும்பகம், தலைகீழா நிக்கற ஆசனம் எல்லாம் பிபி கட்டுப்படாதப்ப கூடாது.

மருந்துன்னு பார்த்தா, இவரு மாதிரி ஆளுக்கு நான் ரிப்போர்ட் எல்லாம் பார்த்துட்டு மருதம்பட்டையில இருந்து ஆரம்பிப்பேன். இதயத்துக்குப் பலம் குடுக்கறதுன்னு பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சக்ரபாணிதத்தர் காலத்துல இருந்து குடுத்துட்டு வர்றது. பால் கஷாயமா வைக்கறதுன்னா ஒரு பங்கு பட்டைத்தூள், எட்டுப் பங்கு பால், 32 பங்கு தண்ணி, அதாவது 5 கிராம் தூளுக்கு 40 மில்லி பால், 160 மில்லி தண்ணி ஊத்தி சின்னத் தீயில பால் அளவு மட்டும் நிக்கற வரைக்கும் காய்ச்சி வடிகட்டணும், துவர்ப்பா இருக்கும். கபம் அதிகம்ங்கறதால இவருக்கு நான் தண்ணிக் கஷாயமாவே குடுப்பேன். இது இதயத்துக்குத் துணை மருந்து, பிபி நம்பரை தடாலடியா இறக்கும்னு எதிர்பார்க்காதீங்க. பூண்டு ரெண்டு மூணு பல் சாப்பாட்டோட சேர்த்துக்கலாம், கொஞ்சம் இறங்கும், ஆனா இரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க பூண்டு மாத்திரை, கேப்சூல் பக்கம் போகக் கூடாது. மூக்கிரட்டை, நெருஞ்சில் ரெண்டும் நீர் பிரிக்கும், டெல்மிசார்ட்டான் கூட குடுக்கறப்ப பொட்டாசியம் பார்த்துட்டு தான் குடுக்கணும். தூக்கமில்லாம மனசு ஓடிக்கிட்டே இருக்கறவங்களுக்கு பிராமி, ஜடாமாஞ்சி மூலிகையும், நெத்தியில மோர் ஊத்தற தக்ரதாரா சிகிச்சையும் நல்லா கேக்கும், உங்க வீட்டுக்காரருக்கு இப்ப அது தேவைப்படல. பேதிக்குக் குடுத்து சுத்தம் பண்றேன்னு வீட்டுலயே விளக்கெண்ணெய் குடிக்க வைக்காதீங்க, நீர் பிரிக்கற மாத்திரை சாப்பிடறவங்க அப்படி மயங்கி விழுந்தத நான் பார்த்திருக்கேன். எந்தக் கஷாயமா இருந்தாலும் மாத்திரைக்கும் அதுக்கும் ஒரு ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க, நான் என்ன குடுக்கறேன்னு அந்த டாக்டருக்கும் அவரு என்ன குடுக்கறாருன்னு எனக்கும் தெரியணும்.

அந்த விளம்பரத்தப் பத்தி ஒரு வார்த்தை. பிபிய குணப்படுத்தறோம்னு விளம்பரம் பண்றதே நம்ம நாட்டுல சட்டப்படி தப்பு, 1954ல வந்த மருந்துகள் மற்றும் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தோட பட்டியல்ல இரத்த அழுத்தமும் இருக்கு. டப்பாவத் திருப்பிப் பாருங்க, தயாரிப்பு லைசன்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், என்னென்ன எவ்வளவு சேர்ந்திருக்குன்னு முழுப் பட்டியல் இருக்கணும். அது இல்லாத டப்பா என்ன விலை குடுத்து வாங்கினதா இருந்தாலும் குப்பைக்குப் போகட்டும். 2004ல அமெரிக்க மருத்துவ சங்கத்தோட பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, பாஸ்டன் கடைகள்ல வித்த தெற்காசிய ஆயுர்வேதப் பொருள் 70 எடுத்துச் சோதிச்சதுல 14ல ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதோ ஒண்ணு இருந்துச்சு. படிச்சப்ப எனக்கு ரொம்ப வலிச்சுது, எங்க துறை மேல விழுந்த அடி அது. ஈயம் உடம்புல சேர்ந்தா பிபி ஏறும், கிட்னி கெடும், அதாவது எதுக்கு மருந்து வாங்கினாரோ அதே நோயை அது வளர்க்கும்.

வீட்டுல ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கிடுங்க, மணிக்கட்டுல கட்டறது வேண்டாம், மேல் கையில கட்டறது, அவரு கை பருமனா இருந்தா பெரிய பட்டை கேட்டு வாங்குங்க, சின்னப் பட்டை தப்பா அதிகமா காட்டும். அளக்கறதுக்கு அரை மணி முன்னாடி காபி, சிகரெட் கூடாது, யூரின் போயிட்டு வந்து நாற்காலியில சாஞ்சு, கால் ரெண்டும் தரையில வச்சு, கை மேஜை மேல நெஞ்சு உயரத்துல இருக்கற மாதிரி அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை. காலையில மாத்திரைக்கு முன்னாடியும் ராத்திரியும் ஒரு வாரம் எழுதுங்க, அவரு கணக்கு எழுதறவரு தானே, ஒரு நோட்டுல கட்டம் போட்டு அவரையே எழுதச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேக்காதவரு தன் கையெழுத்துல நம்பரைப் பார்த்தா கேப்பாரு. வீட்டு அளவு சராசரி 135/85க்குக் கீழ இருக்கணும். 180/120 தாண்டினா, கூடவே நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, வாய் கோணறது, பேச்சு குழறது, ஒரு பக்கம் கை கால் இழுக்கறது, திடீர்னு பார்வை மங்கறது, இதுல எது வந்தாலும் கஷாயம், மோர், எலுமிச்சைன்னு எதுவும் குடுத்துக்கிட்டு நிக்காம 108க்குப் போன் பண்ணுங்க. வாய் கோணலும் பேச்சுக் குழறலும் பிபி நம்பர் எவ்வளவா இருந்தாலும் அவசரம் தான்.

நிரந்தரமா குணமாகுமான்னா, பெரும்பாலானவங்களுக்கு இது கட்டுக்குள்ள வச்சுக்கிட்டே நல்லா வாழற விஷயம். வெயிட் பத்து கிலோ குறைஞ்சு, குறட்டைக்கு வைத்தியம் பார்த்து, உப்பு குறைஞ்சு, ஆறு மாசம் நோட்டுல நம்பர் 120 பக்கத்துலயே நின்னவங்களுக்கு அவங்க டாக்டரே அளவைக் குறைச்சதையும், சிலருக்கு நிறுத்திப் பார்த்ததையும் நான் கண்ணால பார்த்திருக்கேன், அதுக்கப்புறமும் அவங்க அளக்கறத விடல. அப்படிக் குறைக்கறதுன்னா அந்த டாக்டர் தான் குறைக்கணும், நானும் குறைக்கக் கூடாது, அவரும் தானா குறைக்கக் கூடாது, சில மாத்திரைகள சட்டுன்னு நிறுத்தினா பிபி முன்ன விட வேகமா எகிறும்.

இன்னைக்கு எடுக்கற பிபி அளவும், இரத்த ரிப்போர்ட்டும், அந்தக் கேப்சூல் டப்பாவோட பின்பக்கப் போட்டோவும், அந்த ஒரு வாரத்து நோட்டுப் பக்கமும் சேர்த்து அனுப்புங்க. குறட்டை நடுவுல மூச்சு நிக்குதான்னு நீங்க கவனிச்சதையும் மறக்காம எழுதுங்க, அத வச்சு தான் மருதம்பட்டை ஆரம்பிக்கறதா, முதல்ல தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பறதான்னு சொல்லுவேன்.